மாஸ்டர் வீட்டுச் சமையல்

தொழிற்சாலை கேன்டீனில் தினமும் முன்னூறு பேருக்கு ஆக்கிப் போட்டவருக்கு, வீட்டில் இரண்டு பேருக்குச் சமைப்பதெல்லாம் ஒரு வேலையா என்று நீங்கள் கேட்கலாம். மாஸ்டரும் அப்படித்தான் கேட்டார். மனதுக்குள் கேட்டுக்கொண்டிருந்தால் பரவாயில்லை. வீட்டுக்கு வந்தவர் போனவர் எல்லோரிடமும் மீசையைத் தடவிக்கொண்டு கேட்டார். அதுதான் வினையாகப் போயிற்று.

கேன்டீனில் அவர் ராஜா. தோளில் துண்டு, கையில் ஆள் உயரக் கரண்டி. அளவுக் கரண்டி, தராசு எதையும் தொடமாட்டார். உப்பை இரண்டு கையாலும் அள்ளி வீசுவார், ருசி கூடப் பார்க்கமாட்டார், சரியாக இருக்கும். கடைசிச் சில வருடங்களில் அதுவும் இல்லை. வயிறு முன்னால் வந்துவிட்டதால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, "அதைப் போடு, இதைக் கிளறு" என்று விரலை நீட்டுவதோடு சரி. வீட்டுக்கு வந்தால் அடுப்படிப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கமாட்டார். நாள் முழுக்க நெருப்பில் நின்றவன் இங்கேயும் வந்து நிற்கவா என்பார். மனைவி தட்டில் போட்டு எடுத்து வந்து வைப்பாள். "உன் கைச் சமையலுக்கு என் சமையல் உறை போடக் காணுமா" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுச் சாப்பிடுவார். அந்த ஒரு வார்த்தையை வைத்தே கல்யாணமான நாளிலிருந்து காலத்தை ஓட்டிவிட்டார் மனிதர்.

அவர் ஓய்வு பெற்ற மறுவருடம் மனைவிக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. மாடிப்படி நாலு ஏறினால் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். கால் வீங்கிச் செருப்பு நுழையவில்லை. டாக்டரம்மா கறாரான மனுஷி. எக்ஸ்ரே படத்தைப் பார்த்தார், நாடியைப் பார்த்தார், நேராக மாஸ்டரிடம் சொன்னார்.

"இதயம் சோர்ந்து போயிருக்கு. மாத்திரை தர்றேன். ஆனா மாத்திரையைவிட முக்கியம் உப்பு. கிட்டத்தட்ட இல்லாத மாதிரி சாப்பிடணும். உப்பு உள்ள போச்சுன்னா உடம்புல தண்ணி சேரும், நெஞ்சுல வந்து நிக்கும். கடைச் சாப்பாடு வாசல்படி ஏறக் கூடாது. இவங்க அடுப்புகிட்ட நிக்கவும் கூடாது. வீட்ல யாரு சமைப்பாங்க?"

மாஸ்டர் மார்பைத் தட்டாத குறைதான். "நான் இருக்கேன் டாக்டர். முன்னூறு பேருக்கு ஆக்கின கை இது."

மனைவி அவரைத் திரும்பிப் பார்த்தாள். அந்த முகத்தில் என்ன வந்து போயிற்று என்று அவர் அப்போது கவனிக்கவில்லை.

வெளியூரில் வேலை பார்க்கும் மகள் லீவு போட்டு வந்தாள். வரும்போதே பெரிய பெட்டியாக ஒரு மின்சாரப் பிரஷர் குக்கரை வாங்கிவந்தாள். அடுப்பு எரிக்க வேண்டாம், பக்கத்தில் நிற்க வேண்டாம், அப்பாவுக்கும் சுலபம் என்பது அவள் கணக்கு. ஒரு நாள் முழுக்கப் பாடம் நடத்தினாள். அரிசியும் தண்ணீரும் சம அளவு. மேலே கம்பித் தட்டு வைத்து அதில் சின்னக் கிண்ணத்தில் பருப்பு. மூடியைத் திருப்பி, மேலே உள்ள நீராவி மூக்கை அடைப்புப் பக்கம் தள்ளி, பொத்தானை அமுக்கினால் போதும். வெந்ததும் அதுவாகவே நின்று சூடாக வைத்திருக்கும். காய், சூப், கஞ்சி எல்லாம் இதே கதைதான்.

"கவனிக்கிறீங்களாப்பா?"

"நாங்க பாக்காத நீராவியா பாப்பா? கேன்டீன்ல பாய்லரையே மேய்ச்சவன் நான்."

"இது விசில் அடிக்காதுப்பா. சத்தமே இருக்காது. வெந்துச்சான்னு மூடியைப் பிடிச்சு இழுத்திராதீங்க."

"சரி சரி" என்றார் மாஸ்டர், பேப்பரில் ஒரு கண்ணோடு.

மறுநாள் காலை மகள் ரயிலேறிப் போனாள். மாஸ்டர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு சமையலறைக்குள் நுழைந்தார்.

இங்கே கேன்டீனைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அங்கே இருந்தவை நீராவி அண்டாக்கள். தரையோடு தரையாகப் பூட்டியிருக்கும். இரட்டைச் சுவர், நடுவில் நீராவி ஓடும். உள்ளே தனிப் பாத்திரம் என்று எதுவும் கிடையாது. அரிசியையும் தண்ணீரையும் அண்டாவிலேயே கொட்டுவார்கள், வெந்ததும் சக்கரத்தைச் சுற்றி அண்டாவையே சாய்த்து எடுப்பார்கள். ஆயுசு பூராவும் மாஸ்டர் பார்த்த பாத்திரம் அதுதான். குக்கரின் மூடியைத் திறந்தார். உள்ளே பள்ளமாக, பளபளவென்று இருந்தது. அட, நம்ம அண்டாவோட குட்டி என்று சிரித்துக்கொண்டார். கழுவிய அரிசியைக் கொட்டினார், தண்ணீரை ஊற்றினார், பொத்தானை அமுக்கினார்.

குக்கரோடு சேர்ந்த உள்பாத்திரம், மகள் முந்தின நாள் கழுவப் போட்டது, தொட்டியில் நல்ல பிள்ளையாக உட்கார்ந்திருந்தது.

கருகல் வாடை வந்தது. பட் என்று ஒரு சத்தம். வீட்டில் மின்விசிறி நின்றது. மேடையில் குக்கருக்கு அடியிலிருந்து அரிசித் தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது. படுக்கையறையிலிருந்து மனைவியின் குரல் வந்தது.

"ஏங்க, கரண்ட் போச்சா?"

அந்த நேரத்தில்தான் மாஸ்டரின் கண் தொட்டியில் இருந்த பாத்திரத்தின் மேல் விழுந்தது. விஷயம் விளங்கிவிட்டது. காது மடல் வரை சூடேறியது. உள்ளே போய், "பாத்திரம் வைக்காம சோத்தை வச்சுட்டேன்" என்று சொல்லியிருந்தால் அவள் வயிறு குலுங்கச் சிரித்திருப்பாள், மகளுக்குப் போன் போட்டு இன்னொரு தரம் சிரித்திருப்பாள், அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் அந்தச் சிரிப்பைத் தாங்குகிற தெம்பு மாஸ்டருக்கு இல்லை.

"தெருவுக்கே போச்சு போலம்மா" என்றார்.

குக்கரைக் கவிழ்த்துத் தட்டினார். துளைகளிலிருந்து அரிசி உதிர்ந்தது. துடைத்தார், ஊதினார், வெயிலில் வைத்தார். பியூஸ் போட்டு மறுபடி செருகினால் அதில் உயிரில்லை. பழுது பார்க்கிற கடைக்குக் கொண்டுபோகலாம். ஆனால் கடைக்காரன் முன்பு அதே தொழிற்சாலையில் மின்சாரப் பிரிவில் இருந்தவன், அவர் கையால் சாப்பிட்டவன். அவனுக்கு வாய் சும்மா இருக்காது. சாயங்காலத்துக்குள் பழைய ஆட்கள் அத்தனை பேருக்கும் தெரிந்துவிடும், மானம் கப்பலேறிவிடும். மாஸ்டர் பையை எடுத்துக்கொண்டு பின்தெருச் சாப்பாட்டுக் கடைக்கு நடந்தார்.

கொண்டுவந்த சோற்றையும் பருப்பையும் உள்பாத்திரத்தில் மாற்றினார். பாத்திரத்தைச் செத்த குக்கருக்குள் வைத்தார். மூடியைத் திருப்பினார். சற்றுப் பொறுத்து, மூடி திறக்கிற சத்தம் படுக்கையறைக்குக் கேட்கும்படி திறந்தார்.

"அதுக்குள்ள ஆயிடுச்சா? சத்தமே வரலையே" என்றாள் மனைவி, எழுந்து உட்கார்ந்து.

"இதுல விசில் கிடையாதும்மா. எல்லாம் உள்ளுக்குள்ளயே நடக்கும்."

முதல் வாய் எடுத்து வைத்தவள் கொஞ்சம் நிறுத்தினாள். மெதுவாக மென்றாள். அவர் முகத்தைப் பார்த்தாள்.

"நல்லா இருக்குங்க" என்றாள். தட்டில் ஒரு பருக்கை மிச்சம் வைக்கவில்லை.

இன்றைக்கு ஒரு நாள்தானே, நாளைக்கு அடுப்பிலேயே செய்துவிடலாம் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். செய்யவும் செய்தார். மறுநாள் அவள் தூங்கும்போது அடுப்பில் ஒரு பானையை ஏற்றினார். வீட்டில் இருந்த பழைய விசில் குக்கரை எடுத்தால் அது ஊரைக் கூட்டிவிடுமே. அரிசியை அள்ளினால் கை தன் பழக்கத்துக்கு அள்ளுகிறது. பானை பொங்கி வழிந்தது, அடி பிடித்தது, மேலே அரை வேக்காடு. போதாததற்கு, யோசிக்கும் முன்பே உப்பு ஜாடிக்குள் போன கை, ஒரு பிடி அள்ளிப் போட்டுவிட்டுத்தான் வந்தது. ஒரு பட்டாளத்துக்குக் காணும் அந்தச் சோற்றைப் பையில் கட்டி, தெருக்கோடித் தொட்டியில் போட்டுவிட்டுத் திரும்பும்போது, மாஸ்டருக்கு யார் முகத்தையும் பார்க்கப் பிடிக்கவில்லை. விரல் நீட்டி நீட்டி, இருந்த தொழிலும் கையைவிட்டுப் போயிருந்தது. அன்றோடு அடுப்புக்கு ஒரு கும்பிடு போட்டார்.

சாப்பாட்டுக் கடைக்காரரிடம் கேட்டுத்தான் பார்த்தார்.

"தம்பி, எனக்கு மட்டும் உப்பு இல்லாமக் கொஞ்சம் எடுத்து வைக்க முடியுமா?"

"என்ன மாஸ்டர், நீங்களே இப்படிக் கேக்கலாமா? ஒரே அண்டா. ஒருத்தருக்காக எப்படி மாத்துறது?"

கேன்டீனில் வயிற்றுப்புண்காரனும் ரத்தக் கொதிப்புக்காரனும் வந்து கேட்டபோதெல்லாம் மாஸ்டர் சொன்ன பதில் எழுத்துப் பிசகாமல் இதுதான். அதனால் பருப்பில் வெந்நீர் ஊற்றினார். காயைக் கழுவி வைத்தார். உப்பு போயிருக்கும் என்று நம்பினார். நம்பினார் என்று எழுதுகிறேன், அவருக்குத் தெரியாதா என்ன? வெந்த காய்க்குள் இறங்கின உப்பு கழுவினால் போகாது என்று எத்தனை எடுபிடிகளைத் திட்டியிருப்பார்.

மனைவி என்னவென்றால், வீட்டுக்காரர் சமைத்துப் போடுகிறார் என்று தலைகால் தெரியாமல் இருந்தாள். போனில் மகளிடம் அதே பேச்சு. மேல்வீட்டு டீச்சர் எட்டிப் பார்த்தால் அவளிடமும் அதே பேச்சு.

"இவரு என்னைத் துரும்பை அசைக்க விடுறதில்ல டீச்சர். அவரே ஆக்கி, அவரே கொண்டாந்து வைக்கிறாரு."

"கொடுத்து வச்சவங்கம்மா நீங்க" என்ற டீச்சர், அவரிடம் திரும்பினாள். "நானும் இதே குக்கர்தான் வாங்கியிருக்கேன் மாஸ்டர். எனக்குச் சோறு குழைஞ்சு போகுது. எவ்வளவு தண்ணி வைக்கிறீங்க?"

மாஸ்டர் சொல்லிக் கொடுத்தார். செத்துப்போன குக்கர் பக்கத்தில் நின்றுகொண்டு, சம அளவு, மூக்கை அடைப்புப் பக்கம், வெந்ததும் உடனே திறக்காதீங்க என்று மகள் சொன்னதையெல்லாம் ஒப்பித்தார். பேப்பரில் ஒரு கண் இருந்தாலும் காதில் விழுந்திருந்தது போலிருக்கிறது. டீச்சர் மறுநாள் வந்து சோறு பூவாக வந்தது என்று நன்றி சொன்னபோது, குப்பை கொட்டும் சாக்கில் வெளியே போய், வாசலில் வெறுமனே நின்றார்.

கால் வீக்கம் வடியவில்லை. வடியாதது மட்டுமில்லை, ஏறியது. சாயங்காலம் அவள் காலைப் பிடித்துவிடும்போது கட்டைவிரலை அழுத்தி எடுத்தால், அழுத்தின இடம் குழியாகவே நின்றது. தலையணை மேல் தலையணை வைத்துச் சாய்ந்தால்தான் மூச்சு விட முடிந்தது. மாஸ்டர் அந்தக் குழியைப் பார்த்தார். டாக்டர் சொன்னது காதில் கேட்டது. மறுநாள் காலை பையை எடுத்துக்கொண்டு பின்தெருவுக்கே போனார். இந்த இடத்தில்தான் எனக்கு அவர் மேல் கெட்ட கோபம் வருகிறது. வெட்கம் மனிதனை என்ன பாடு படுத்தும் என்று தெரியும். ஆனாலும் கட்டினவளின் காலில் குழி விழுவதைப் பார்த்த பிறகுமா?

டாக்டரம்மா அவளைப் பார்த்ததும் முகம் சுளித்தார். எடை ஏறியிருந்தது. நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டவர் வெகுநேரம் அதை எடுக்கவே இல்லை.

"இவ்வளவு மாத்திரை கொடுத்தும் தண்ணி இறங்கலை. சாப்பாட்ல உப்பு இருக்கா?"

மாஸ்டர் வாய் திறக்கும் முன் மனைவி சொன்னாள்.

"உப்பே கிடையாது டாக்டர். இவரு தன் கையாலதான் சமைச்சுப் போடுறாரு. ஒரு நாள்கூடக் கடையில வாங்கினதில்ல."

"நிச்சயமா?"

"என் தலை மேல அடிச்சுச் சொல்றேன்."

டாக்டர் பேனாவை எடுத்தார். "அப்ப உங்க இதயம் நான் நினைச்சதைவிட மோசமாயிருக்குன்னு அர்த்தம். இன்னிக்கே அட்மிட் ஆகுங்க. கனமான மருந்து ஊசில போடணும். அது சிறுநீரகத்தைப் பாதிக்கலாம், வேற வழியில்லை."

அறையில் இருந்த நர்ஸ் படுக்கை இருக்கிறதா என்று கேட்கப் போனை எடுத்துவிட்டாள். மனைவி பயந்துபோய் மாஸ்டரின் சட்டைக் கையைப் பிடித்திருந்தாள். அந்தப் பிடியை அவரால் தாங்க முடியவில்லை.

"கடைச் சாப்பாடு, டாக்டர்."

"என்ன சொல்றீங்க?"

"தினமும் கடையிலதான் வாங்கினேன். குக்கரைக் கெடுத்துட்டேன். எனக்குச் சமைக்க வரலை." அதற்கு மேல் என்ன சொல்வதென்று தெரியாமல் தரையைப் பார்த்தார். "இவளுக்குத் தெரியாது. இவ மேல தப்பில்ல."

நர்ஸ் போனைக் கீழே வைத்தாள். சட்டைக் கையைப் பிடித்திருந்த கை விலகியது. டாக்டரம்மா திட்டுவார் என்று எதிர்பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை. அவர் எழுதின காகிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு, "இந்த வாரம் உப்பில்லாமச் சாப்பிடட்டும். மூச்சு அதிகமா வாங்கினா உடனே வாங்க. இல்லைன்னா வாரக் கடைசியில பாக்கலாம்" என்று மட்டும் சொல்லி, அடுத்தவரைக் கூப்பிடச் சொன்னார்.

வீட்டுக்கு வந்து, கட்டிலில் உட்கார்ந்து மூச்சு வாங்கி முடித்த பிறகு மனைவி சொன்னாள்.

"பாப்பாவுக்குப் போன் போடுங்க. நீங்களே சொல்லுங்க."

போட்டார். உள்பாத்திரம் வைக்காத கதையைக் கேட்டு மகள் முதலில் விழுந்து விழுந்து சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது.

"அப்பா, அப்ப இவ்வளவு நாளா அம்மா என்ன சாப்பிட்டாங்க?"

மாஸ்டர் சொன்னார். "அம்மாகிட்ட கொடுங்க" என்றாள் மகள், வேறு குரலில். அவர் போனைக் கொடுத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார். மனைவி "ம்", "ம்" என்று கேட்டுக்கொண்டு வைத்துவிட்டாள்.

"என்னை நாலு வார்த்தை திட்டும்மா" என்றார் மாஸ்டர், திரும்பாமலே. "நாக்குக்கு உப்பு தெரியாமலா இருந்திருக்கும் உனக்கு? ஒரு வார்த்தை கேட்டிருந்தா அன்னிக்கே மாட்டியிருப்பேனே."

"தெரிஞ்சுது."

அவர் திரும்பினார்.

"முதல் வாயிலேயே தெரிஞ்சுது. தினமும் தெரிஞ்சுது" என்றாள் அவள். "பெரிய அண்டாவுல போட்டுப் பழகின கை, குறைக்க வரலைன்னு நினைச்சேன். குத்தம் சொன்னா துண்டை உதறிட்டுப் போயிருவீங்க, அப்புறம் கரண்டியைத் தொடமாட்டீங்கன்னு பயந்தேன். கல்யாணம் ஆனதுலேர்ந்து ஒரு நாள் எனக்குன்னு அடுப்பு மூட்டினதில்லையே நீங்க. இப்பத்தான் முதல் தடவையா ஆக்கிப் போடுறாரு, உப்போட இருந்தா என்ன, திம்போம்னு தின்னேன். டாக்டர் கேட்டப்ப அதனாலதான் தலை மேல சத்தியம் பண்ணேன். உங்களைத் திட்டிருவாங்களேன்னு."

கட்டில் ஓரத்தில் உட்காரலாம் என்று போன மாஸ்டர், அவள் பக்கத்தில் உட்காரத் தனக்கு என்ன யோக்கியதை என்று தோன்றித் தரையில் உட்கார்ந்தார். வீங்கிய பாதம் இரண்டும் அவர் முகத்துக்கு நேராக இருந்தன. அவற்றைத் தொடவும் கூசியது. தான் பொய்யை மூட மூட, இவள் அந்தப் பொய்யைப் பிரியமென்று நம்பி விழுங்கியிருக்கிறாள். தன் மானத்துக்குக் காவலாக இவள் உயிரை வைத்திருக்கிறாள். அவருக்கு அழுகை வந்தது. அழுவதற்கும் வெட்கமாக இருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து எழுந்து சமையலறைக்குப் போனார். போன வேகத்தில் திரும்பி வந்து கதவருகே நின்றார்.

"ஏம்மா, ரெண்டு பேருக்கு எவ்வளவு அரிசி போடணும்?"

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். சிரிக்கவில்லை.

"டம்ளரால ஒண்ணு. பருப்பு ஒரு கை. என் கை, உங்க கை இல்ல" என்றாள்.

சின்னப் பாத்திரம் ஒன்றைத் தேடி எடுத்து அடுப்பில் வைத்தார். உப்பு ஜாடியைத் தூக்கிப் பரண் மேல் வைத்துவிட்டு வந்தார். பக்கத்திலேயே நின்றார். சோறு ஒருவழியாக வெந்தது. பருப்பு வெந்ததா என்று விரலால் நசுக்கிப் பார்த்தார், வெந்தது மாதிரிதான் இருந்தது. தட்டில் போட்டுக் கொண்டுபோய் அவள் முன்னால் வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

அவள் ஒரு வாய் எடுத்துப் போட்டாள். மென்றாள். தட்டை அவர் பக்கம் தள்ளினாள்.

"பருப்பு வேகலை. இதை நான் சாப்பிட மாட்டேன்."

"சரிம்மா" என்று மாஸ்டர் தட்டை எடுத்துக்கொண்டு மறுபடி அடுப்படிக்குப் போனார்.